மயில் தகடும் ஃபில்டர் டப்பாவும்

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போகிற சாலையில் அம்சவேணியின் லாரிப் பட்டறை இருக்கிறது. அங்கே கேள்வி கேட்பது சுலபம், பதில் வாங்குவதுதான் பெரும்பாடு. கேட்டவன் கையில் ஒரு ஸ்பேனரையோ கோணிச் சாக்கையோ கொடுத்து, "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் பெரும்பாலும் கேள்வியே மறந்துபோயிருக்கும்.

அவளிடம் சென்னியப்பன் சிஷ்யனாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சிஷ்யனுக்கு நாற்பத்தெட்டு வயது, குருவுக்கு முப்பத்தாறு. சொந்தமாக ஒரு ஆறு சக்கர லாரி வைத்து ஓட்டுகிறவன் அவன். லோடு நடை இல்லாத நாட்களில் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வான். "இருபத்தஞ்சு வருசமா வண்டிய ஓட்டறேன், அதுக்குள்ள என்ன இருக்குன்னு இப்பத்தான் பாக்கறேன்" என்று எல்லோரிடமும் சொல்வான். அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிடுவான். முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அன்றைக்கு அவன் வந்தபோது முகம் சரியில்லை.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்ணா."

"இந்த ஃபில்டர் டப்பாவ வச்சுக்கிட்டே வண்டிக்கு இழுவை கூட்ட முடியுங்களா?"

"முடியும்."

"எப்படீங்க?"

"ரெண்டு நாள் வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க."

டப்பா என்று அவன் சொன்னது, இப்போது வருகிற டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் இருக்கிற தடித்த உருளையை. எஞ்சின் விடுகிற கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு அடுத்தாற்போல யூரியாத் தண்ணீர் தெளிக்கிற ஏற்பாடு வேறு. லாரிக்காரர்கள் இந்த இரண்டையும் திட்டாத நாளில்லை. "எனக்குச் சோறு இருக்கோ இல்லியோ, அதுக்கு நேரத்துக்கு யூரியா ஊத்தணும்" என்று சென்னியப்பனும் திட்டியிருக்கிறான். வண்டியில் இழுவை குறைந்தால் முதல் பழி டப்பாவின் மேல்தான் விழும்.

அவன் கவலைக்குக் காரணம் இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் சிமென்ட் லோடோடு திம்பம் மலை ஏறும்போது இருபத்தோராவது வளைவில் வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டது. திம்பத்தில் மொத்தம் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் ஒரு லாரி நின்றால் கீழே இருப்பவன் கீழேயே இருக்க வேண்டியதுதான். ஒன்றரை மணி நேரம் இரண்டு பஸ்ஸும் ஒரு கல்யாண வேனும் அவன் பின்னால் நின்றன. முகூர்த்தம் தப்பிப்போன கல்யாணக்காரர்கள் அவன் குலத்தையே இழுத்துப் பேசினார்கள். மலை லாரிக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் பசவராஜப்பா கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வர்ற வியாழக்கிழமை ஏத்திக் காட்டு. நின்னுச்சுன்னா மலை டர்ன் உனக்கு இல்ல."

மலைக்கு லோடு ஏற்றுகிற அந்த முறை போனால் வடக்கே நாக்பூர், நாசிக் என்று போக வேண்டும். போனால் இருபது நாள், முப்பது நாள். திம்பத்தின் உச்சியில், கடைசி வளைவு தாண்டியதும் ரோட்டோரம் அவன் வீடு. மலை நடை ஓட்டினால் தினம் ஒரு வேளையாவது பெண்டாட்டி கைச் சோறு. சென்னியப்பனுக்கு நாசிக் பிடிக்காது. நாசிக்கில் ருக்மணி இல்லை.

ஆகவே அவனுக்கு இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் லேப்டாப்போடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்றான். சொன்னபடியே டப்பாவைக் கழற்றினான், அந்த இடத்தில் வெறும் குழாயைப் போட்டான். டப்பா இருந்த இடத்தில் இன்னும் டப்பா இருக்கிறது என்று வண்டிக்குப் பொய் சொல்ல ஒரு தீப்பெட்டி அளவுக் கருவியை மாட்டினான். டீசலையும் தாராளமாகத் திறந்துவிட்டான்.

மறுநாள் காலை சென்னியப்பன் பட்டறை வாசலுக்கு வந்த சத்தத்திலும் புகையிலும் பக்கத்து டீக்கடைக்காரர் பால் சட்டியை மூடினார்.

"கேட்டீங்களா வாத்தியாரம்மா!" அவன் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினான். வாசல் வேப்பமரம் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை. "வழியெல்லாம் பின்னால வந்தவங்க ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தாங்க. அப்பேர்ப்பட்ட மரியாதை!"

அம்சவேணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குனிந்து குழாயைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"டப்பா எங்க?"

"சீட்டுக்குப் பின்னால, சாக்குல சுத்தி வச்சிருக்கேனுங்க."

"எறியலையா?"

"மனசு வரலீங்க."

அவள் லேசாகச் சிரித்தாள். இந்த ஆளை அவளுக்குப் பிடிக்கும். தப்பைக்கூட முழு மனதோடு செய்ய மாட்டான்.

"லோடு இருக்கா?"

"சிமென்ட் ஏத்தியாச்சுங்க. வியாழக்கிழமைக்கு முன்னால ஒரு தரம் ஏத்திப் பாத்துக்கலாம்னு."

"சரி, வாங்க போலாம். நான் ஓட்டறேன்."

"நானு?"

"என் மொபெட்ட எடுத்துக்கிட்டுப் பின்னால வாங்க. உங்க சோத்துப் பாத்திரத்த அதுல மாட்டிக்கங்க."

"கேபின்லயே உக்காந்துக்கறேனே?"

"குரு முன்னால, சிஷ்யன் பின்னால. அதானேண்ணா முறை?"

முறை என்று சொன்ன பிறகு அவன் என்ன பேசுவான்? சோற்றுப் பாத்திரத்தை மாட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்தான்.

பண்ணாரி தாண்டி மலை தொடங்குகிற வரை சுகமாகத்தான் இருந்தது. தன் லாரியை அவன் பின்னாலிருந்து பார்ப்பது அதுவே முதல் தடவை. பின் கதவில் எழுதியிருந்த 'ருக்மணி துணை' அவனுக்கே அழகாகத் தெரிந்தது. இப்படியொரு வண்டியை வைத்துக்கொண்டா கவலைப்பட்டோம் என்று நினைத்தான்.

முதல் வளைவில் அம்சவேணி கியரைக் குறைத்து மிதித்தாள். ருக்மணி துணை மறைந்துபோனது.

சென்னியப்பன் இருமினான். கண்ணைக் கசக்கிக்கொண்டான். இரண்டாவது வளைவில் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டான். மூன்றாவதில் முந்திவிடலாம் என்று பார்த்தான். திம்பத்தில் முந்துகிற மொபெட் இன்னும் பிறக்கவில்லை. கொஞ்சம் பின்தங்கிப் பார்த்தான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து அவனை மறுபடி புகைக்குள் தள்ளினான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். புகைக்குப் போக வேறு வழியில்லை, அவனுக்கும் இல்லை.

ஆறாவது வளைவில் அவன் ஹாரன் அடித்தான். எட்டாவதில் விடாமல் அடித்தான். வழி கேட்டு அடிக்கவில்லை. என்ன கேட்டு அடிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பத்தாவது வளைவில், காலையில் வழியெல்லாம் தனக்குக் கிடைத்த மரியாதை நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவனுக்குக் காது சூடாகியது. ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். துண்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். வளைவுக்கு வளைவு முன்னால் இருந்த சத்தம் மட்டும் கனத்துக்கொண்டே போனது. பிறகு அந்தச் சத்தம் மெலிந்தது, விக்கியது, நின்றது. புகை விலகியபோது லாரி ரோட்டோரம் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் கல்லில் மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தது: இருபத்தொன்று.

அவன் மொபெட்டை ஸ்டாண்டில் போட்டான். டப்பாவைக் கழற்றியும் நின்றுவிட்டது. வியாழக்கிழமையும் இதே இடத்தில்தான் நிற்கும். அப்புறம் நாசிக்தான்.

அம்சவேணி இறங்கி வந்தாள். கரி அப்பிய அவன் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் முகம் கழுவி முடிகிற வரை பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டப்பா இல்லாமயே நின்னுடுச்சே வாத்தியாரம்மா."

"ஆமாங்ணா."

"அப்ப குத்தம் எங்கங்க?"

அவள் எஞ்சின் தெரியும்படி கேபினை முன்பக்கம் சாய்த்தாள். எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகிற குழாயைக் காட்டினாள். "தொட்டுப் பாருங்க."

தொட்டவன் கையை உதறிக்கொண்டான். "அம்மாடி!"

"இது குளுந்த காத்து வர வேண்டிய குழாய்."

"அப்புறம் ஏன் இப்படிக் கொதிக்குது?"

"காத்தக் குளுர வைக்கிற ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு முன்னால இருக்கு. அதுக்கு வெளிக்காத்து படணும். படலைன்னா எஞ்சினுக்குச் சுடுகாத்துதான் போகும். சுடுகாத்துல டீசல் சரியா எரியாது, கரி ஜாஸ்தியாகும். கரி ஜாஸ்தியானா டப்பா சீக்கிரம் அடைக்கும். இன்னும் சூடானா எஞ்சின் தன்னக் காப்பாத்திக்கத் தானே இழுவையக் கொறச்சுக்கும். டப்பா அடைச்சு அடைச்சு உங்ககிட்ட அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நீங்க அது வாயக் கழட்டிச் சாக்குல சுத்தி வச்சுட்டீங்க."

"முன்னால வெளிக்காத்து ஏன் படல?"

அவள் கேபினை மறுபடி இறக்கி வைத்தாள். வண்டியின் முன்பக்கம் போய் நின்றாள். அவனும் போனான்.

வண்டியின் முகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தகடு. அதில் ஒரு மயில். ருக்மணி தன் கையால் வரைந்தது. மயிலைவிடக் கோழிக்கே அது சொந்தம் என்று மற்ற டிரைவர்கள் சொல்வார்கள், அதற்காக அவன் இரண்டு பேரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறான். பொங்கலன்றைக்கு அவள் கொடுத்தாள். அன்றைக்கே பம்பருக்கு மேலிருந்து கண்ணாடிக்குக் கீழ் வரை இடம் அளந்து, கம்பி வலையை மறைத்து, எட்டு போல்ட் போட்டு முறுக்கிவிட்டான். இந்த ஜென்மத்தில் இதைக் கழற்ற மாட்டேன் என்று அவளிடம் சத்தியமும் பண்ணியிருந்தான். இழுவை குறைய ஆரம்பித்தது எந்த மாதத்தில் என்று இப்போதுதான் எண்ணிப் பார்த்தான்.

"இதுங்களா?"

"கழட்டணும்னா இதத்தாண்ணா கழட்டணும்."

அவன் தகட்டைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"முடியாதுங்க வாத்தியாரம்மா. அவ மனசு கஷ்டப்படும்."

"பின்னால வர்றவங்களுக்காக இருந்த டப்பாவ மட்டும் ஒரு நிமிசத்துல கழட்டிட்டீங்களே."

அவள் அதை இரண்டாவது தடவை சொல்லவில்லை. எஞ்சின் ஆறுகிற வரை இருவரும் கல்லில் உட்கார்ந்து அந்தச் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். ஊறுகாயை அவள் அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

மீதி ஆறு வளைவையும் வண்டி முதல் கியரில் ஊர்ந்து ஏறியது. ருக்மணி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கழுவியும் போகாத கரியோடு மொபெட்டிலிருந்து இறங்கியவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங், யாரு வேணும் உங்களுக்கு?"

"அடியே, நாந்தான்."

"எங்கூட்டுக்காரர் நல்ல செவப்பா இருப்பாருங். நீங்க வேற வீடு பாருங்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். துடைக்கும்போது முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினாள். "என்னாச்சு?"

குரு சொல்லட்டும் என்று திரும்பிப் பார்த்தான். குரு, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்பதில் மும்முரமாக இருந்தாள். வேறு வழியில்லாமல் அவனே சொன்னான். காற்று, குழாய், சூடு எல்லாவற்றையும் சுற்றி வளைத்துக் கடைசியில் மயிலுக்கு வந்தான்.

"நான் கழட்டலடி. சத்தியம் பண்ணியிருக்கேன். வேற ஏதாச்சும் வழி பாக்கறேன்."

ருக்மணி லாரியில் ஏறி அவன் டூல் பெட்டியைத் திறந்து ஸ்பேனரைத் தேடி எடுத்தாள். முன்னால் வந்து முதல் போல்ட்டில் மாட்டினாள். அது அசையவில்லை.

"எத்தன இறுக்கமா முறுக்கி வச்சிருக்கீங்," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத எதுக்குக் குடுத்தேன்? நீங்க பத்திரமா வூடு வந்து சேரோணும்னு குடுத்தேன். வர்ற வண்டிய நிறுத்தறதுக்கா குடுத்தேன்? வாங்க, புடிங்க இத."

இரண்டு பேரும் சேர்ந்து எட்டு போல்ட்டையும் கழற்றினார்கள். தகட்டுக்குப் பின்னால் ஈசலும் சருகும் வைக்கோலும் அடை அடையாக இருந்தன. மயிலை ருக்மணி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள்.

லோடை மேலேயே இறக்கிவிட்டு வண்டி மலை இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அது அம்சவேணியின் பட்டறையில் இருந்தது, முதலிலேயே இருந்திருக்க வேண்டிய அதே இரண்டு நாள். பொய் சொல்கிற தீப்பெட்டியை அவனே பிடுங்கினான். டப்பாவைச் சாக்கிலிருந்து எடுத்து, சுத்தம் பண்ணிக் கொண்டுவந்து, பழைய இடத்தில் அவனே ஏற்றினான். யூரியாத் தொட்டியைக் கழுவி நிரப்பினான். காற்றைக் குளிர வைக்கிற பாகத்தை அம்சவேணி ஒரு அளவு பெரிதாக மாற்றிப் போட்டாள். பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு கூட்டலாங்க வாத்தியாரம்மா?"

"டப்பா சொல்லும்."

கொஞ்சம் கூட்டினாள். லோடோடு பண்ணாரி வரை போய் வரச் சொன்னாள். டப்பாவில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, எவ்வளவு சூடு என்று திரையில் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கூட்டினாள். மறுபடி போகச் சொன்னாள். நாலாவது தடவை கரிக்கணக்கு வேகமாக ஏறியது. அவள் ஒரு படி இறக்கி நிறுத்திக்கொண்டாள்.

"இன்னும் கூட்டலாமேங்க. எஞ்சின் தாங்குமே."

"எஞ்சின் தாங்கும். டப்பா தாங்காது."

"ஒரு படிதானுங்களே?"

"மொபெட்டுல வர்றீங்களா?"

அவனே லேப்டாப்பை மூடி வைத்தான்.

"வாத்தியாரம்மா, மயில்தான் காரணம்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கழட்டியிருப்பீங்களா?"

அவன் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. எழுந்து டீ வாங்கி வரப் போனான்.

வியாழக்கிழமை முழு லோடோடு மலை ஏறினார்கள். இந்தத் தடவை ஸ்டியரிங் சென்னியப்பன் கையில், பக்கத்தில் அம்சவேணி. பதினைந்தாவது வளைவு வரை அவன் வாய் விடாமல் பண்ணாரி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு பழைய ஸ்கூட்டரில் புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். கண்ணாடியில் அவர்களை அவன் அடிக்கடி பார்த்தான். அந்தம்மாள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசிக்கொண்டே வந்தாள். இருபத்தோராவது வளைவில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தான். வண்டி நிற்கவில்லை. வழக்கத்தைவிட ஒரு கியர் மேலேயே, சத்தம்கூடப் பெரிதாகப் போடாமல் திரும்பி ஏறிப் போய்விட்டது.

உச்சியில் செக்போஸ்ட் பக்கம் பசவராஜப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து புகைக்குழாயைப் பார்த்தார்.

"நாளையிலிருந்து உன் டர்ன் உனக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். சென்னியப்பனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கேபினிலிருந்து குதித்துக் கீழே இறங்கினான். அம்சவேணியைப் பார்த்துக் கும்பிடப் போனான். அவள் முறைத்ததும் கையை இறக்கிக்கொண்டான். ஆனாலும் மனசு அடங்கவில்லை. யாராவது ஒருத்தர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது. அந்த ஸ்கூட்டர் அப்போதுதான் செக்போஸ்ட்டில் வந்து நின்றது. ஓடிப்போனான்.

"ஏனுங்ணா, மலையேறும்போது எங்க வண்டிக்குப் பின்னாலதான வந்தீங்க? எப்படி இருந்துச்சுங்க?"

ஸ்கூட்டர்காரர் விழித்தார். "எந்த வண்டிங்க?"

"லாரிங்க. மஞ்சக் கலரு. கீழ இருந்து மேல வரைக்கும் உங்களுக்கு முன்னாலயே வந்துச்சே."

அவர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்தம்மாள் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏதோ ஒண்ணு போச்சுங்க. நாங்க எங்க புள்ளைக்கு வரன் பாக்கற பேச்சுல வந்தோம். நல்ல காத்து வேற அடிச்சுதா, கவனிக்கல."

ஸ்கூட்டர் போய்விட்டது. சென்னியப்பன் மெல்ல நடந்து லாரிக்குத் திரும்பினான். அம்சவேணி சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா வாத்தியாரம்மா? எம்புட்டு வேல பாத்திருக்கோம். முன்னால ஒரு லாரி போச்சுன்னுகூட அவங்களுக்குத் தெரியலையாம்."

அவள் சிரித்தாள். தன் இடுப்பில் தொங்கிய பட்டறைச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"நாளையிலிருந்து நீங்களே தனியா ஒரு வண்டியில கை வைக்கலாம்ணா."